சென்னை – பாரிஸ்: தூரம் ஒன்று, நேரம் வேறு

வாசகர் கேள்வி – பதில்

விமானப் பயணத் தூரம், நேரம் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாரிஸைப் பற்றியவை. பிரான்சில் பிள்ளைகளும் உறவுகளும் இருக்கும் ஊர்க்காரர்கள் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்! ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

இணையத்தில் தேடினால் சென்னை – பாரிஸ் 8,020 கி.மீ. என்று வருகிறது. பயண முகவர் தந்த தாளில் 8,260 என்று இருந்தது. விமானத்துக்குள் இருக்கும் திரையில் கூட்டிப் பார்த்தால் 8,500-ஐத் தாண்டுகிறது. எது சரி?
– வாசகர், உருளையன்பேட்டை, புதுச்சேரி

மூன்றும் சரி. மூன்றும் வெவ்வேறு தூரங்கள்.

முதலாவது, பூமியின் மேற்பரப்பில் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுங்கள். ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைப் பாரிஸிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாக விழுகிறதோ அதுதான் பெருவட்டப் பாதை. சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, சோலாப்பூர், நாசிக் பக்கமாகப் போய், குஜராத்தைத் தொட்டு, கராச்சிக்குச் சற்று வடக்கே நுழைந்து, பலுசிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடலின் தென்கரை, காகசஸ் மலைகள், கருங்கடல், ருமேனியா எனப் போய்ப் பாரிஸில் முடியும். நடுப்புள்ளி எங்கே தெரியுமா? ஈரானின் வடகோடியில், காஸ்பியன் கடலோரம்.

சுவரில் மாட்டும் தட்டையான உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது அரபிக்கடல், ஈராக், துருக்கி வழியாகப் போவது போலத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் பறந்தால் தூரம் சுமார் 8,230 கி.மீ. பெருவட்டத்தைவிட 200 கி.மீ. கூடுதல். துருவத்தை நெருங்கும் பாதைகளில் இந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டராகவே வளர்ந்துவிடும். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ பெருவட்டம் சுமார் 12,380 கி.மீ.; உருண்டையில் நூல் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும். தட்டைப் படத்தை வைத்து யாராலும் இதை ஊகிக்க முடியாது.

முகவர் தந்த 8,260 அநேகமாகத் தோஹா வழிப் பயணத்தின் கூட்டுத்தொகை: சென்னை – தோஹா சுமார் 3,290, தோஹா – பாரிஸ் சுமார் 4,970. திரையில் நீங்கள் பார்த்தது உண்மையில் பறந்த தூரம். விமானம் கிளம்பியவுடன் பாரிஸை நோக்கித் திரும்பிவிடுவதில்லை. காற்று எதிரே வரும் பக்கமாக ஓடுபாதையில் ஏறி, பிறகு சுற்றி, குறித்த வான்வழிப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. இறங்கும்போதும் வரிசையில் நின்று இறங்குகிறது. இதற்கே 2 முதல் 5 சதவீதம் வரை தூரம் கூடிவிடும்.

அதற்கு மேல் மூடப்பட்ட வான்வெளி வேறு இருக்கிறது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியைப் பாகிஸ்தான் மூடியது. அதன் பிறகு மாதாமாதம் அந்தத் தடையை நீட்டித்தது. சென்னையிலிருந்து கிளம்பும் விமானம் கராச்சிப் பக்கம் போகாமல் அரபிக்கடலைக் கடந்து மஸ்கட் வழியாகப் போனால் மொத்தத் தூரம் சுமார் 8,170 கி.மீ. கூடுவது 150 கி.மீ.தான், பத்து நிமிடச் செய்தி. டெல்லியிலிருந்து இதே மாற்றுப் பாதையில் போனால் 900 கி.மீ.க்கு மேல் கூடும். தெற்கே இருப்பதில் நமக்கு இப்படி ஒரு லாபம். ஆனால் ஈரானும் சேர்ந்து மூடிக்கொண்டால் அந்த லாபம் போய்விடும். மஸ்கட், கெய்ரோ வழியாகச் சுற்றினால் 8,560 கி.மீ. அளவுக்கு ஆகும்; நேரத்தில் 35 முதல் 40 நிமிடம் கூடும். பயண நாளில் செய்தித்தாளில் எந்த நாட்டு வான்வெளி மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனால், விமானம் தாமதமாகச் சேர்வதற்கான காரணம் பாதி புரிந்துவிடும்.

இந்தத் தூரத்தை நாமே கணக்கிட முடியுமா? பிளஸ் டூ கணிதம் போதுமா?
– மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

போதும். சைன், கோசைன் தெரிந்த கால்குலேட்டர் ஒன்று வேண்டும். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. பாரிஸ் சார்ல் த கோல்: வடக்கு 49.01, கிழக்கு 2.55.

முதலில் இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.7548 = 0.1697. அடுத்து அவற்றின் கோசைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.9744 × 0.6559 = 0.6391. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 77.62 பாகை, அதன் கோசைன் 0.2144. இதை முந்தைய விடையோடு பெருக்கினால் 0.1370. இப்போது 0.1697-ஐயும் 0.1370-ஐயும் கூட்டுங்கள்: 0.3067. எந்தக் கோணத்தின் கோசைன் 0.3067 என்று பார்த்தால் 72.14 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. ஆகவே 72.14 × 111.19 = 8,021 கி.மீ.

பூமி துருவங்களில் சற்று அமுங்கியிருப்பதால் இந்த விடை அரை சதவீதத்துக்குள் முன்னே பின்னே இருக்கும். விமானிகள் கணக்கு வைப்பது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. கோணத்தை 60-ஆல் பெருக்கினால் நேரே கடல் மைல் வந்துவிடும்: 72.14 × 60 = 4,328.

தப்பாகும் இடங்கள் நான்கு. கால்குலேட்டர் ரேடியன் நிலையில் இருந்தால் விடை அபத்தமாக வரும். பாகை நிலைக்கு மாற்றுங்கள். 12 பாகை 59 கலை என்பதை 12.59 என்று எழுதாதீர்கள். 59-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும், 12.98 வரும். மேற்குத் தீர்க்கரேகையையும் தெற்கு அட்சரேகையையும் கழித்தல் குறியோடு போட வேண்டும். நியூயார்க், ரீயூனியன் கணக்குகள் தவறுவது இங்கேதான். நான்காவது, நகரத்தின் நடுப்புள்ளியை எடுக்காமல் விமான நிலையத்தின் புள்ளியை எடுக்க வேண்டும். பாரிஸுக்கு சார்ல் த கோல், ஓர்லி என இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு.

பயிற்சிக்கு ஒன்று: லாஸ்பேட்டையில் உள்ள புதுச்சேரி விமான நிலையம் வடக்கு 11.97, கிழக்கு 79.81. அங்கிருந்து பாரிஸுக்குப் போட்டுப் பாருங்கள். 8,079 கி.மீ. அளவில் வர வேண்டும்.

பாரிஸுக்குப் போகும்போது பதினொரு மணி நேரம். திரும்பும்போது பத்து மணிக்கும் குறைவு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது என்றால் மேற்கே போகும் விமானத்துக்கு அல்லவா ஊர் சீக்கிரம் எதிரே வர வேண்டும்?
– வாசகர், நெல்லிக்குப்பம். இதே கேள்வி முத்தியால்பேட்டை வாசகியிடமிருந்தும்

நல்ல சந்தேகம், நிறையப் பேருக்கு இருப்பது. கடலூரில் சும்மா நிற்கும் நீங்களே மணிக்கு சுமார் 1,635 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழன்றுகொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களைச் சுற்றியுள்ள காற்றும் அப்படியே. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அந்த வேகம் ஏற்கெனவே இருக்கிறது. மேலே எழும்பியதும் அது காற்றுக்குள்தான் பறக்கிறது. பூமியோடு காற்றும் சேர்ந்து சுழல்வதால், சுழற்சியால் நேரடியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

வித்தியாசத்தை உண்டாக்குவது மேல்காற்று. விமானம் பறக்கும் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், குளிர்காலத்தில் ஈரானிலிருந்து வட இந்தியா வரை மேற்கிலிருந்து கிழக்கே ஒரு ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் அதற்குச் சர்வசாதாரணம். பாரிஸ் போகும் விமானம் இதை எதிர்த்துப் போக வேண்டும். திரும்பும் விமானத்தை அது முதுகில் தள்ளிவிடும்.

கணக்காகப் பாருங்கள். நீண்ட தூர ஜெட் விமானத்தின் வேகம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு, அந்த உயரத்தின் குளிரில் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. முழுப் பாதைக்கும் சராசரியாக 60 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரையை வைத்துப் பார்க்கும் வேகம் 840. 8,000 கி.மீ. கடக்க 9 மணி 31 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து வந்தால் வேகம் 960. 8 மணி 20 நிமிடம். ஏற, இறங்க, தரையில் ஊர்ந்து போக ஆகும் நேரத்தைச் சேர்க்காமலே ஒரு மணி பத்து நிமிடம் வித்தியாசம் வந்துவிட்டது.

மழைக்காலத்தில் கதை மாறுகிறது. நம் பகுதியோடு நெருக்கமான விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மேற்குக் காற்றோட்டம் இமயத்துக்கு வடக்கே ஒதுங்கிவிடுகிறது. தென்னிந்தியாவுக்கு மேலே, ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டியே, எதிர்த் திசையில் ஒரு ஜெட் காற்றோட்டம் உருவாகிறது. அது கிழக்கிலிருந்து மேற்கே வீசும். இதன் உச்ச வேகம் 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் இருந்தாலும், விமானங்கள் பறக்கும் உயரத்திலும் நன்றாகவே தெரியும். இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். ஜூலையில் மேற்கே கிளம்பும் விமானத்துக்கு முதல் இரண்டு மணி நேரம் இது துணைக்காற்று. அதே ஜூலையில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இதுவே எதிர்க்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தரையில் மேற்கிலிருந்து வீசும்போது, பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே கிழக்கிலிருந்து வீசுகிறது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். அப்படித்தான் வீசுகிறது.

காற்றுக்காகத் தூரத்தையே கூட்டிக்கொண்டு பறப்பதும் உண்டு. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அட்லாண்டிக் பக்கத்தை விட்டுப் பசிபிக் பக்கமாகத் திருப்பியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 கி.மீ.யாகக் கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கிழக்கே பறந்ததால் வழி நெடுக காற்று பின்னாலிருந்து தள்ளியது.

பயணச்சீட்டில் சென்னை புறப்பாடு 01.20, பாரிஸ் வருகை 07.50. ஆறரை மணி நேரத்தில் எப்படிப் போக முடியும்?
– வாசகி, பாகூர்

புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். குளிர்காலத்தில் பாரிஸ் நம்மைவிட நாலரை மணி பின்னால். கோடையில் மூன்றரை மணி பின்னால். உங்கள் சீட்டு ஜனவரி என்றால் பாரிஸ் 07.50 என்பது நமக்கு 12.20. அதிலிருந்து 01.20-ஐக் கழித்தால் 11 மணி நேரம். திரும்பும்போது பாரிஸில் 10.30-க்குக் கிளம்பி சென்னையில் நள்ளிரவு 00.45-க்கு இறங்கினால், 10.30 நமக்கு பிற்பகல் 3 மணி. பயணம் 9 மணி 45 நிமிடம்.

பிரான்சில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே வரும். விமானக் கால அட்டவணைகளும் அந்த நாளையொட்டியே கோடைக்கும் குளிருக்கும் மாறுகின்றன. மார்ச்சில் போய் ஏப்ரலில் திரும்புகிறவர்கள் இரண்டு வழிக்கும் ஒரே வித்தியாசத்தைப் போட்டுவிட்டு, அழைத்துப் போக வரும் உறவினரை ஒரு மணி நேரம் காக்க வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று: இந்த 11 மணி நேரம் முழுக்க வானத்தில் கழிவதில்லை. விமானம் வாயிலை விட்டு நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் வாயிலில் நிற்பது வரை உள்ள நேரம் இது. தரையில் ஊர்வது இரண்டு முனையிலும் சேர்ந்து 20, 30 நிமிடம் ஆகும். வழக்கமான தாமதத்துக்கு என்று நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போட்டிருக்கும். “லேட்டாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதே” என்று வியப்பது இதனால்தான்.

காகிதம் இல்லாமல் தோராயமாகச் சொல்ல ஒரு வழி: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். சென்னை – சிங்கப்பூர் 2,920 கி.மீ.; 4 மணி 6 நிமிடம் வரும். மேற்கே போகும் நீண்ட பயணத்துக்குக் கூடுதலாக அரை மணி முதல் ஒரு மணி வரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ரீயூனியன் தீவு எவ்வளவு தூரம்?
– வாசகர், காலாப்பட்டு

சென்-தெனி விமான நிலையம் வரை சுமார் 4,630 கி.மீ. நேரடி விமானத்தில் ஆறு முதல் ஆறரை மணி நேரம். நூல் பிடித்தால் திருவனந்தபுரம், மாலத்தீவு மேலாகப் போய், பிறகு வெறும் கடல். ரீயூனியன் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால்; ஆண்டு முழுதும் மாறாது. பாரிஸ் வழியாகச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பாரிஸ் – ரீயூனியன் மட்டுமே 9,300 கி.மீ.க்கு மேல், பதினொரு மணி நேரப் பயணம் என்பதை நினைவில் வையுங்கள்.

துபாய் வழியாகப் போனால் சுற்று வழி இல்லையா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

தூரத்தில் சுற்றே இல்லை என்று சொல்லலாம். சென்னை – துபாய் 2,930, துபாய் – பாரிஸ் 5,240, மொத்தம் 8,170. நேர்வழியைவிட 150 கி.மீ.தான் கூடுதல். டெல்லி வழியாகப் போனால் 8,330 ஆகும்.

நேரம்தான் போகிறது. ஒருமுறை கூடுதலாக இறங்கி ஏற 40 நிமிடம். அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு விமானமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அடுத்த இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு; பெட்டியும் நேரே பாரிஸுக்குப் போய்விடும். தனித்தனியாகச் சீட்டு வாங்கியிருந்தால் இரண்டுமே உங்கள் தலையில். அப்படி வாங்கியே ஆக வேண்டுமென்றால் நடுவே ஐந்து மணி நேரமாவது விடுங்கள். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி கொடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அதற்கு விசா தேவையா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்தே வெளிநாட்டுக்குப் பறக்கும் நாள் வருமா? ஏன் சின்ன விமானமே வருகிறது?
– வாசகர், லாஸ்பேட்டை

ஓடுபாதை நீளம்தான் காரணம். அங்கே இருப்பது சுமார் 1,500 மீட்டர். விசிறி வைத்த ஏடிஆர் 72 நிறைந்த எடையோடு கிளம்ப 1,300 மீட்டர் அளவு போதும். ஏர்பஸ் ஏ320 முழு எடையோடு ஏற 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். வெயில் ஏற ஏற காற்று இலேசாகி இந்தத் தேவை இன்னும் கூடும். ஓடுபாதையை நீட்டாமல் பெரிய ஜெட் வராது.

ஏடிஆரின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. புதுச்சேரி – பெங்களூரு வான்வழி 266 கி.மீ., ஐதராபாத் 600 கி.மீ. அங்கே போய் வெளிநாட்டு விமானம் பிடிப்பது வயதானவர்களுக்கு நல்ல வழிதான்: சாலையில் நாலு மணி நேரம் குலுங்க வேண்டியதில்லை. ஒரே பி.என்.ஆர். கிடைத்தால் மட்டும் என்பது எங்கள் கருத்து. இல்லையென்றால் சென்னையே பத்திரம்.

நள்ளிரவு 01.20 விமானத்துக்குக் கடலூரிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
– வாசகி, கூத்தப்பாக்கம், கடலூர்

முதலில் தேதியைச் சரிபாருங்கள். சீட்டில் 15-ம் தேதி 01.20 என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ம் தேதி மாலை. 15-ம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு. ஐரோப்பா, வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புவதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. அவை அந்த நேரத்தில் கிளம்புவதற்கும் காரணம் உண்டு: நம்மிடம் இரவு 1.30-க்குக் கிளம்பினால் ஐரோப்பாவில் காலை 7, 8 மணிக்கு இறங்கும். அங்கிருந்து மற்ற ஊர்களுக்குக் காலை விமானங்கள் புறப்படும் நேரம் அது.

செக்-இன் கவுன்டர் மூன்று மணி நேரத்துக்கு முன் திறந்து, பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடும். ஆகவே இரவு 10.20-க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். கடலூரிலிருந்து சாலைத் தூரம் 170 கி.மீ. அளவு, நான்கு மணி நேரம். புதுச்சேரியிலிருந்து 150 கி.மீ., மூன்றேகால் மணி நேரம். கடலூர்க்காரர்கள் மாலை 5.30-க்குக் கிளம்பினால் வழியில் சாப்பிட்டுப் போகலாம், டயர் பஞ்சரானாலும் சமாளிக்கலாம்.

திண்டிவனம் வழியே ஜி.எஸ்.டி. சாலையில் போனால் நகரத்துக்குள் நுழையாமலே விமான நிலையம் வந்துவிடும். ஆனால் ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளும் வண்டலூர் முதல் தாம்பரம் வரையிலான நெரிசலும் உண்டு. ஞாயிறு மாலையும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளும் ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் சென்னை திரும்பும் நேரம். அன்று இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள், அல்லது ஈ.சி.ஆர். வழியாகப் போய்த் துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையில் திரும்புங்கள். ரயிலில் தாம்பரம் வரை வந்தால் அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரே விமான நிலையம்.

போகிப் பண்டிகை அதிகாலையில் விமானம் இருந்தால் முந்தைய நாளே நிறுவனத்தின் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல், 2018-ல் சென்னைக்கு வந்த விமானங்களைப் பக்கத்து ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் புயல் சின்னம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, சென்னை விமான நிலையம் நண்பகலிலிருந்து மறுநாள் அதிகாலை வரை மூடியிருந்தது.

பாரிஸிலிருந்து கிளம்பிய விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாகச் சென்னை சேர்ந்தது. பணம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், முதலியார்பேட்டை

உண்மை. தூரத்தை அளக்கத் தெரிந்திருப்பது பணமாக மாறும் இடம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ம் ஆண்டு 261-ம் எண் விதிப்படி, ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கும் இழப்பீடு உண்டு. ரீயூனியனும் பிரான்சின் பகுதி என்பதால் அங்கிருந்து கிளம்பினாலும் பொருந்தும். சென்னையிலிருந்து போகும்போது, இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே.

தொகை பெருவட்டத் தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீ. வரை 400, அதற்கு மேல் 600. பாரிஸ் – சென்னை 8,020 என்பதால் உங்களுக்கு 600 யூரோ, ஒரு ஆளுக்கு. மூன்று மணிக்கு மேல் நான்கு மணிக்குள் தாமதம் என்றால் பாதியாகக் குறைக்கலாம். ஒரே பதிவில் நடுவே விமானம் மாறினாலும், எடுத்துக்கொள்வது முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையிலான நேர்த்தூரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது.

சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல. கதவு ஒன்றாவது திறந்த நேரம். 2014 தீர்ப்பு இது. தாமதம் மூன்று மணி நேரத்தின் விளிம்பில் இருந்தால், தரையைத் தொட்டதற்கும் கதவு திறந்ததற்கும் இடைப்பட்ட பத்து நிமிடமே முடிவு செய்யும். கதவு திறந்ததும் கைபேசியில் நேரத்தோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

புயல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம், திடீரென மூடப்பட்ட வான்வெளி போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் தர வேண்டும். விமானத்தின் சாதாரண இயந்திரக் கோளாறு நிறுவனத்தின் பொறுப்பு. “தொழில்நுட்பக் காரணம்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மறுத்தால் விட்டுவிடாதீர்கள். என்ன கோளாறு என்று எழுத்தில் கேளுங்கள்.

போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல், பி.என்.ஆர். எண், விமான எண், தேதி, கதவு திறந்த நேரம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் 261/2004 என்று குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். பயண வவுச்சர் தருகிறோம் என்பார்கள். பணமாக வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு, கையெழுத்துப் போட்டு வவுச்சரை ஏற்றால் அந்த உரிமை போய்விடும். பிரான்சில் கோர ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. பழைய பயணமாக இருந்தாலும் சீட்டைத் தேடி எடுங்கள்.